தனக்கொடியின் கைத்தடம்

தனக்கொடி ஒரு கொலுசை எடுத்து அதன் இரண்டு முனைகளிலும் செம்புக் கம்பியை மாட்டினாள். கம்பியின் நடுவைப் பிடித்துத் தூக்கினால் கொலுசு தொட்டில் போலத் தொங்கும். ஆவி பறக்கும் எனாமல் சட்டிக்குள் அதை இறக்கி, உதடு அசையாமல் எண்ணினாள். நாலில் மஞ்சள், ஏழில் செம்பு நிறம், பத்தில் ஊதா, பதினாலில் நீலம், இருபதைத் தாண்டினால் கறுப்பு. கொலுசுக்குக் கறுப்புதான் வேண்டும். இருபத்திரண்டில் வெளியே எடுத்துப் பச்சைத் தண்ணீர் வாளியில் போட்டாள். அதற்குள் இடது கை அடுத்த கொலுசுக்குக் கம்பியை வளைத்துவிட்டிருந்தது.

சட்டியில் இருப்பது கந்தகக் கல்லைக் கரைத்த வெந்நீர். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். புது வெள்ளியைப் பழைய வெள்ளியாகக் காட்டுவதற்கு அந்தத் தண்ணீர். கொலுசு வாங்குகிறவர்களுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கேட்டு வாங்குகிறார்கள். அதனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வில்லியனூரில் விமல் என்பவரின் வெள்ளிப் பட்டறையில் பதினெட்டு வருஷமாகத் தனக்கொடி இந்த வேலை செய்கிறாள். கடிகாரம் பார்ப்பதில்லை. இந்த வட்டாரத்தில் அவளுக்கு நிகராகக் கறுப்பு ஏற்றுகிறவர்கள் இல்லை என்பதை விமலே ஒத்துக்கொள்வார், சம்பளம் கேட்காத நாட்களில்.

அவளுக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் செலியமேட்டில். பதினாலு வயதில் நடவுக்கு இறங்கியவள், முப்பத்தாறு வரைக்கும் வயலில்தான் இருந்தாள். சேற்றுப்புண் காலை விட்டுப் போகாமல் இருந்தபோது, இனி வயலில் இறங்கினால் விரல் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணவர் அருள்தாஸ் கொத்தனார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டிய மற்றது எல்லாம் காசுகளைப் பற்றியது.

பட்டறைக்கு உருக்குவதற்கென்று உடைந்த வெள்ளி வரும். அதோடு பழைய வெள்ளி ரூபாய்களும் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அப்படி வந்த ஒரு ரூபாயில் மீசைக்கார ராஜாவின் தலையைப் பார்த்தாள். உருக்கும் கிண்ணத்தில் போடக் கை வரவில்லை. அதே எடைக்கு வெள்ளியைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி, ரூபாயை முந்தானையில் முடிந்து எடுத்துப் போனாள். வீட்டில் என்ன செய்தாள் தெரியுமா? புளியும் சாம்பலும் போட்டு, விளக்கு தேய்க்கிற மாதிரி தேய்தேய் என்று தேய்த்தாள். போகிக்கு வீட்டில் இருக்கிற செம்பு, பித்தளை எல்லாம் தேய்க்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கம். காசு கண்ணாடி போல மின்னியது.

அதை எடுத்துக்கொண்டு வில்லியனூர் வட்டார நாணயச் சேகரிப்போர் சங்கத்துக்குப் போனாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். தலைவர் தேவநாதன், பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். லென்சு வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொன்னுட்டியேம்மா!"

"அழுக்கா இருந்துச்சு சார், வெளக்கினேன்."

"அது அழுக்கு இல்லம்மா. நூறு வருஷமா தானா ஏறின நிறம். டோனிங்ம்பாங்க. அதான் அந்தக் காசோட தோலு. நீ தோல உரிச்சு எடுத்தாந்துருக்க."

லென்சு வழியாக அவளும் பார்த்தாள். ராஜாவின் கன்னமெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கீறல். அன்றைக்கு அவள் பட்ட வெட்கம் கொஞ்சமல்ல. அதன் பிறகு வீட்டுக்கு வரும் எந்தக் காசையும் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பாள். தண்ணீர்கூடப் படவிடமாட்டாள். பட்டறைச் சட்டிக்கும் தன் காசுகளுக்கும் நடுவில் அவளாக ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

சங்கத்துக்கும் ஒரு கோடு உண்டு. சில வியாபாரிகள், தேய்த்துக் கெட்டுப்போன காசை மலிவாக வாங்குவார்கள். அதற்குச் செயற்கையாக நிறம் ஏற்றி, "இயற்கையா ஏறின நிறம்" என்று சொல்லிப் பத்து மடங்கு விலைக்கு விற்பார்கள். அப்படிச் செய்கிறவர் யாராக இருந்தாலும் பெயரைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். ஆயுளுக்கும் விலக்கு. பலகையில் ஒரு பெயர் ஏறிவிட்டால் கடலூர், விழுப்புரம் வரைக்கும் எந்தச் சங்கமும் அந்த ஆளைப் படியேற்றாது.

அந்தப் பலகையில் ஏறுகிற மாதிரி தனக்கொடியின் பெயர் ஒரு நாள் வந்து நின்றது. போன வருஷம், சங்கத்தின் தை மாதக் கண்காட்சியில்.

அதற்குக் காரணமான காசைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியும். வில்லியனூரில் திரௌபதி அம்மாள் என்று தொண்ணூற்றிரண்டு வயதுக்காரி. நான் நர்ஸ், படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்ட வாரத்தில் நாலு நாள் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் புருஷன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சைகோனில் சண்டை நடந்தபோது அவர் அங்கே இருந்தார். லீவில் வந்தபோது கொண்டுவந்த ஒரு பெரிய வெள்ளிக் காசை, திரும்பிப் போனவர் உயிரோடு வரவேண்டும் என்று வீராம்பட்டினம் அம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்து, மரப்பெட்டிக்குள் வைத்தார் திரௌபதி அம்மாள். புருஷன் வந்து சேர்ந்தார். ஆனால் காசைக் கொண்டுபோய்ச் செலுத்துவது இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய், எழுபது வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் அந்த அம்மாளுக்கு அது ஒன்றுதான் கவலை. புண்ணைவிட அது அதிகமாக வலித்தது.

"காசா போட்டா உண்டியல்ல கிடக்கும் சிஸ்டர். அம்மன் கண்ணுக்கு ஆவற மாதிரி எதனா பண்ணணும்," என்றார்.

நான் என் சிநேகிதி தனக்கொடியிடம் சொன்னேன். அவள் அந்தக் காசின் எடைக்கு மேலேயே வெள்ளி போட்டு, ஒரு ஜோடி கண்மலர் அடித்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மாளின் பேத்தி ஜெயப்பிரியா அதை எடுத்துப்போய் அம்மனுக்குச் சார்த்திவிட்டு வந்து குங்குமம் வைத்தாள். அதற்கப்புறம்தான் முடிச்சை அவிழ்த்தோம். திரௌபதி அம்மாளின் விரல் வளையாது. நான்தான் அவிழ்த்தேன். துணி மக்கி, மடிப்பில் உதிர்ந்தது.

உள்ளே இருந்தது பியாஸ்தர், பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தோசீனாவின் வெள்ளி நாணயம், உள்ளங்கைக் குழியை நிறைக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உருவம். விளிம்பில் நீலம், அதற்குள்ளே ஊதா, அப்புறம் செம்பு, நடுவில் தேன் நிறம். அதன் மேல் சன்னமாகக் கட்டம் கட்டமாக ஒரு வரி. துணியின் நெசவு. எழுபது வருஷமாகத் துணி எங்கெங்கே ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் இழை இழையாகப் பதிந்திருந்தது. சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் சக்கரம் போலச் சுற்றியது.

"எடுத்துக்கோடி தனம்," என்றார் திரௌபதி அம்மாள். "என் கடன் தீந்துச்சு."

தனக்கொடி காசோடு துணியையும் சேர்த்து ஒரு மாத்திரை டப்பாவில் வைத்து மூடினாள்.

கண்காட்சியன்று மண்டபத்தில் முப்பது மேசை. காலை பத்து மணிக்கே தனக்கொடியின் மேசையைச் சுற்றிக் கூட்டம். பியாஸ்தர், அதன் பக்கத்தில் மஞ்சள் துணி, அவள் கையெழுத்தில் நாலு வரி விவரம். மற்றவர்கள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர மனமில்லாமல் நின்றார்கள். முதல் பரிசு இதற்குத்தான் என்று பேச்சு கிளம்பியது.

மூன்று வருஷமாக முதல் பரிசு வாங்குகிறவர் எழிலரசன். காசு வியாபாரி. வெள்ளைச் சட்டை, இரண்டு போன். அந்த வருஷம் அவர் ஒன்பது வெள்ளி ரூபாய்களை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, "வானவில் ரூபாய்கள்" என்று எழுதியிருந்தார். அதே மாதிரி ரூபாய்களைச் சங்கத்தில் பலபேருக்கு விற்றும் இருந்தார். அவர் தனக்கொடியின் மேசைக்கு வந்தார். பியாஸ்தரைப் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நல்லாத்தான் சமைச்சிருக்கம்மா. இன்னா, கந்தகமா? முட்டையா?"

"முட்டைன்னா எனக்கு ஒரு ஆம்லெட் சொல்லு," என்றார் பின்னாலிருந்து வீரமணி. வீராம்பட்டினத்து மீன் வியாபாரி, எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். நாலு பேர் சிரித்தார்கள்.

தனக்கொடி சிரிக்கவில்லை. "இது தானா ஏறினது சார்."

"தானா ஏறினதா! நீ இன்னா வேல பாக்கற?"

"பட்டறைல."

"பட்டறைல இன்னா வேல? அதச் சொல்லு."

"வெள்ளிக்குக் கறுப்பு ஏத்தறது."

எழிலரசன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா? சாராயம் காச்சறவன் வூட்டுல வாசன வந்தா, சாம்பிராணின்னு சொன்னா நம்பணுமா? தலைவரே, ரூல் இருக்கு. பலகையும் இருக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. தேவநாதன் வந்தார். தனக்கொடி மேல் அவருக்குப் பிரியம்தான். ஆனால் முப்பது வருஷம் பஸ்ஸை நிமிஷக் கணக்கில் கிளப்பியவர், விதியில் பிரியம் பார்க்கமாட்டார்.

"தனக்கொடி, நேரா கேக்கறேன். இதுல நீ கை வெச்சியா?"

"இல்லீங்க சார்."

"உனக்கு இந்த வேல தெரியுமா?"

"தெரியும் சார். என்ன விட நல்லா செய்றவங்க இந்தப் பக்கம் இல்ல."

நான் முன்னால் போய், முடிச்சை அவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன்.

"சிஸ்டர் அவங்க சிநேகிதம்," என்றார் எழிலரசன். "துணியும் பழசா வாங்கலாம். துணியச் சுத்தி மருந்துல முக்குனா நெசவு விழாதா? நாங்க இன்னா நேத்தா பொறந்தோம்?"

தேவநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குக் கமிட்டி முடிவு சொல்லும். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் இன்னா காட்டணுமோ காட்டுங்க." பியாஸ்தரை எடுத்துத் தன் மேசை மேல் வைத்துக்கொண்டார்.

மணி பதினொன்றரை. தனக்கொடி வெறும் மேசைக்குப் பின்னால் நின்றாள்.  தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். அப்புறம் தன் லென்சை எடுத்துக்கொண்டு நேராக எழிலரசனின் கண்ணாடிப் பெட்டியிடம் போனாள். அவர் டீ குடிக்க வெளியே போயிருந்தார். கண்ணாடிக்கு மேலேயே லென்சைப் பிடித்து முதல் ரூபாயைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். ஒன்பதையும் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

திரும்பி வந்து என் முழங்கையைப் பிடித்தாள். 

"சிஸ்டர், அது நான் பண்ணது."

"எதுடி?"

"அவுரு பொட்டில இருக்கறது. போன ஆடில விமல் ஒரு பொட்டலம் கொடுத்தாரு. காசுமால ஆர்டர், கறுப்பு வேணாம், நீலத்துல நிறுத்துன்னாரு. மொத்தம் இருபத்தெட்டு ரூபா. மாலைக்குன்னுதான நெனச்சேன்? அத்தினியும் என் கையால முக்கி எடுத்தேன்."

"நிச்சயமா தெரியுமா?"

"என் தொட்டில் எனக்குத் தெரியாதா? எல்லாரும் இடுக்கில புடிப்பாங்க. நான் மட்டுந்தான் ரெண்டு பக்கமும் கம்பி மாட்டுவேன். கம்பி தொட்ட எடத்துல மருந்து புடிக்காது. ஒம்பது காசுலயும் ரெண்டு ஓரத்துலயும் எதிரெதிரா வெள்ளப் புள்ளி இருக்கு."

இதில் இருந்த சங்கடம் எனக்குப் புரிந்தது. இதைச் சொன்னால், சாயம் ஏற்றியவள் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொள்ளவேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் அதோடு காதை மூடிக்கொள்வார்கள். பட்டறை வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் மூன்று மணிக்குப் பலகையில் பெயர் ஏறும். திரௌபதி அம்மாளின் காசு கள்ளக்காசு என்று ஆகும்.

"இன்னா செய்யப்போற?" என்றேன்.

"சொல்லிட வேண்டியதுதான். எம்மேல பொய் இல்ல, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், நடவுக்கு இறங்குகிற மாதிரி.

தேவநாதன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். எழிலரசன் டீயோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"சார், என் கைவேல எதுன்னு கேட்டாங்க இல்ல? காட்றேன்." பியாஸ்தரைச் சுட்டினாள். "இது என் கைவேல இல்ல." கையை நீட்டிக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். "என் கைவேல அதோ, அவுரு பொட்டில இருக்கு."

 எழிலரசன் டீயைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"இன்னாடி ஒளற?"

"டி போடாதீங்க. நான் உங்கள வாங்க போங்கன்னுதான பேசறேன்?"

"அதானே!" என்றார் வீரமணி.

தனக்கொடி நிறுத்தவில்லை. இருபத்தெட்டு ரூபாய், ஆடி மாதம், நீலத்தில் நிறுத்தியது, எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கும் என்று பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "ராஜா தலை நேரா இருக்கற மாதிரி வெச்சுப் பாருங்க. மூக்குக்கு நேரா ஓரத்துல ஒண்ணு. பின்மண்டைக்கு நேரா ஒண்ணு."

தேவநாதன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எழிலரசன் சாவி காரில் இருக்கிறது என்றார். "கொண்டாங்க, காத்திருக்கோம். நான் எவ்ளோ நேரம் வேணா காத்திருப்பேன், டைம்கீப்பர்," என்றார் தேவநாதன். சாவி சட்டைப் பையிலேயே கிடைத்தது. ஒன்பது காசையும் ஒவ்வொன்றாக லென்சில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "இருக்கு" என்றார். ஒன்பது தடவை.

"பழைய காசுன்னா புள்ளி இருக்காதா? தற்செயல்," என்றார் எழிலரசன். குரல் இறங்கியிருந்தது.

"தற்செயலான்னு பாத்துடலாம்," என்றாள் தனக்கொடி. "யாராவது ஒரு தேஞ்ச வெள்ளி ரூபா குடுங்க. காசு கெட்டுப்போவும், சொல்லிட்டேன்."

வீரமணி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "கெடட்டும். இதுக்கு மேல கெட இதுல ஒண்ணும் இல்ல."

பட்டறை அடுத்த தெருவில்தான். காலையில் திறக்கிறவள் என்பதால் சாவி அவளிடமே இருக்கும். வழியில் ஏதாவது செய்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்று, வீரமணியையும் என்னையும் கூடவே அழைத்துப் போனாள். சட்டி, கந்தகக் கல், செம்புக் கம்பி, ஒரு மின் அடுப்பு. அரை மணியில் மண்டபத்து நடுவில் தண்ணீர் கொதித்தது. நாற்றம் தாங்காமல் நாலு ஜன்னலையும் திறந்தார்கள். பந்தி பரிமாறுகிற இடத்தில் இப்படி ஒரு நாற்றத்தை அந்த மண்டபம் கண்டிருக்காது.

தனக்கொடி ரூபாயைப் புளி போட்டுத் தேய்த்தாள். கம்பியைத் தொட்டிலாக வளைத்து மாட்டினாள். தானாகவே அவள் கை மூக்குப் பக்கமும் பின்மண்டைப் பக்கமும்தான் கம்பியைப் பொருத்தியது, யோசித்துச் செய்யவில்லை. சட்டியில் இறக்கிச் சத்தமாக எண்ணினாள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. பதினாலில் தூக்கிப் பச்சைத் தண்ணீரில் விட்டாள். எடுத்துத் துடைத்துத் தேவநாதன் கையில் வைத்தாள். விளிம்பில் நீலம், உள்ளே ஊதா. பெட்டியில் இருந்த ஒன்பதின் தம்பி. ஓரத்தில் எதிரெதிராக இரண்டு வெள்ளைப் புள்ளி.

"அடேயப்பா!" என்று யாரோ சொன்னார்கள். கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள்.

"லென்சுல பாருங்க," என்றாள். "நான் புளி போட்டுத் தேச்ச கீறல் சாயத்துக்கு அடில தெரியும். கீறல் பள்ளத்துல சாயம் தேங்கி நிக்கும். அவுரு ஒம்பதுலயும் அப்படித்தான். இப்ப இந்தப் பெரிய காசப் பாருங்க. கீறல் ஒண்ணு காட்டுங்க."

பியாஸ்தர் கைகளுக்கு இடையே போய்வந்தது. ஒருவரும் கீறல் காட்டவில்லை.

"துணி சுத்தி முக்குனா?" என்று கேட்டார் வீரமணி. பகையாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதையும் பாத்துடுவோம் அண்ணே." இன்னொருவர் கொடுத்த ரூபாயை வேறொரு மஞ்சள் துணியில் சுற்றி முக்கினாள். பிரித்தால் அம்மைத் தழும்பு மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நெசவு விழவே இல்லை. மருந்து ஈரத்தில் பரவி ஊறிவிட்டது. "அவசரத்துல இழை பதியாது. எழுவது வருஷம் அசையாம கெடந்தாத்தான் பதியும். நானே நெனச்சாலும் முடியாது சார். முடியும்னா நானே பெரிய திருடி ஆயிருப்பேன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது.

அடிபட்ட தோலைப் பார்த்தால் எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குச் சொல்ல வரும். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஒழுங்காக மாறிக்கொண்டு போகும். மை தடவி ஏமாற்ற முடியாது. பியாஸ்தரின் நிறத்திலும் அதே ஒழுங்கு இருந்தது.

தேவநாதன் விமலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆடி மாதம் இருபத்தெட்டு ரூபாய் யார் கொடுத்தது என்று கேட்டார். மதியத் தூக்கத்தில் இருந்த விமல், எதற்கென்றே தெரியாமல், "நம்ம எழிலரசன் சார்தான். காசுமாலைக்குன்னாரு. ஏன் சார், நிறம் போயிடுச்சா?" என்றார்.

எழிலரசன் ஒன்பதையும் அள்ளிப் பையில் போட்டார். "ஒரு கூலிக்காரி பேச்சக் கேட்டு ஆடறீங்க," என்றார்.

"கூலிக்காரிதான். ஒழுங்கா எண்ணுவேன்," என்றாள் தனக்கொடி.

மூன்று மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பலகையில் பெயர் ஏறியது. எழிலரசன் பெயர். தேவநாதன் சாக்பீஸை வைத்துவிட்டு, முதல் பரிசு செலியமேடு தனக்கொடிக்கு என்று அறிவித்தார். சின்ன ஒரு வெண்கலக் கேடயம். இந்த முறை கை தட்டலாமா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீரமணி விசில் அடித்தார். தனக்கொடி கேடயத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"மீதி பத்தொம்பது ரூபா உங்கள்ல சில பேர் கையில இருக்கு. தானா ஏறின நிறம்னு நெனச்சு வாங்கியிருப்பீங்க. அது நான் ஏத்தினது. நாளைக்குக் காலைல பட்டறைக்கு எடுத்தாங்க. நான் எழுதித் தரேன். உங்களுக்கு அப்புறம் அது யார் கைக்குப் போனாலும் ஏமாறக்கூடாது."

அன்று சாயங்காலம் திரௌபதி அம்மாளுக்கு மருந்து கட்டும்போது நடந்ததைச் சொன்னேன். "அந்தாளுக்கு என் துணிமேலயா சந்தேகம்?" என்றார். அதற்குமேல் கோபப்பட அவருக்குத் தெம்பில்லை, தூங்கிவிட்டார்.

மறுநாள் திங்கள். ஒன்பது மணிக்குப் பட்டறை வாசலில் பதினோரு பேர். விமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பட்டறை பெயர் கெட்டுவிட்டது என்றார். வந்தவர்களில் இரண்டு பேர் மகளுக்குக் கொலுசு விலை கேட்டதும் முகம் தெளிந்தது. இனி இந்தச் சட்டியில் காசு இறங்காது என்று தனக்கொடி சொன்னாள். விமல் ஒத்துக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு ரூபாயையும் வாங்கி லென்சில் இரண்டு புள்ளிகளையும் பார்த்தாள். பிறகு அதன் அட்டை உறையில் முத்து முத்தாக எழுதினாள்: "தேய்த்த காசு. சாயம் ஏற்றியது நான். தனக்கொடி, செலியமேடு." கீழே தேதி.

"என்னுதுல 'அழகா ஏத்தினது'ன்னு சேத்து எழுதும்மா," என்றார் வீரமணி. அவரிடம் அப்படிப்பட்டது இரண்டு இருந்தன. "ஏமாந்தாலும் கௌரவமா ஏமாந்தேன்னு இருக்கட்டும்."

"அழகா இருக்கா இல்லையான்னு பாக்கறவங்க சொல்லட்டும் அண்ணே," என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்கினாள்.

பத்தரை மணிக்குப் பதினாறு ஆகியிருந்தது. மூன்று குறைந்தது. கூட வந்திருந்த தேவநாதன், யார் எதை வாங்கினார்கள் என்று குறித்துவைக்கும் தன் டைரியைப் பார்த்து, மூன்றும் பாகூரில் ஒருவரிடம் இருக்கிறது, அவர் கூட்டத்துக்கு வருவதில்லை என்றார். தனக்கொடி கையைக் கழுவினாள். விமலிடம் அரை நாள் லீவு சொன்னாள். மூன்று வெற்று அட்டைகளையும் லென்சையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டு, பாகூர் பஸ் ஏறிவிட்டாள்.